அட்மினுக்குச் சம்பளம் ஏத்துங்க!

எங்கள் தெருமுனைப் பாத்திரக்கடை அண்ணாச்சி சிரித்து யாரும் பார்த்ததில்லை. "குக்கர் காஸ்கெட் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டால், "இருந்தா மேல தொங்கும்லா?" என்பார். தொங்குகிறதா இல்லையா என்று நாம்தான் அண்ணாந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பேரம் பேசினால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் போன தீபாவளிக்கு இன்ஸ்டாகிராமில், தலையில் இட்லிக் கொப்பரையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். பின்னணியில் ஏதோ இசை டமடமவென்று அடிக்க, கொப்பரைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "கனம் இருக்குல்லா? வாங்கிட்டுப் போங்க."

ஊரே பார்த்தது. கமென்ட்டில் பாதிப் பேர் ஒரே வரியைத்தான் எழுதியிருந்தார்கள்: "அட்மினுக்குச் சம்பளம் ஏத்துங்க!" அண்ணாச்சிக்கு அதுதான் பொறுக்கவில்லை. "யாருவே அந்த அட்மின்? கொப்பரைக்குள்ள தலையைக் குடுத்தது நானு. சம்பளம் அவனுக்கா?"

அந்த அட்மின் என் அக்கா மகன். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவன். இப்போது ஒரு ஏஜென்சியில் இருந்துகொண்டு, ஊரில் உள்ள கடைகளின் வாயெல்லாம் அவன்தான். காலையில் பிரியாணிக்கடையாக இருந்து "பசிக்குதா தலைவா?" என்று கேட்பான். மதியம் பல் டாக்டராக மாறி, அதே பிரியாணி எலும்பைக் கடித்து உடைந்த பல்லைப் பற்றி ஜோக் எழுதுவான். சாயங்காலம் நகைக்கடை. ராத்திரி வீட்டுக்கு வந்தால் அவனிடம் சிரிப்பு மிச்சம் இருக்காது. "சாப்பிட்டியாப்பா?" என்று அக்கா கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவான்.

பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்ற உரிமையில் நானும் அவனுக்கு ஒரு ரீல்ஸ் எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டுப் பெரியவர்களுக்குத் தர வேண்டிய மரியாதையோடு சொன்னான்: "மாமா, முதல் மூணு செகண்ட்ல கட்டைவிரலை நிறுத்தணும். நீங்க ஜோக்குக்கு வர்றதுக்குள்ள ஆளு அடுத்த வீடியோவுல பூனையைப் பார்த்துட்டு இருப்பான்."

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒருவர் வீடியோவை எவ்வளவு நேரம் பார்க்கிறார், லைக் போடுகிறாரா, இன்னொருவருக்கு அனுப்புகிறாரா என்பதை வைத்துத்தான் அது மேலும் பலரிடம் போகிறது என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே விளக்கியிருக்கிறார். புதிய ஆட்களிடம் போய்ச் சேர, அனுப்பப்படுவதுதான் முக்கியமாம். யோசித்துப் பாருங்கள். "எங்கள் குக்கர் ஐந்து வருட உத்தரவாதம் கொண்டது" என்ற செய்தியை நீங்கள் யாருக்காவது அனுப்பியதுண்டா? அண்ணாச்சி கொப்பரைக்குள் நிற்பதை மட்டும் துபாயில் இருக்கும் மச்சினனுக்கு அரை நிமிடத்தில் அனுப்பிவிடுகிறோம். விளம்பர நோட்டீஸை நம் கையாலேயே வீடு வீடாகக் கொடுக்க வைத்திருக்கிறார்கள், கூலியில்லாமல்.

இந்தச் சிரிப்பு விளம்பரத்துக்கு நான் அறிந்தவரை மூதாதை, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மிக்ஸி செய்யும் பிளெண்ட்டெக் நிறுவனம். அதன் நிறுவனர் டாம் டிக்ஸன், மிக்ஸியின் பலத்தைச் சோதிக்க அதில் மரக்கட்டையைப் போட்டு அரைப்பாராம். புதிதாக வேலைக்கு வந்த மார்க்கெட்டிங் அதிகாரி தரையில் மரத்தூளைப் பார்த்து விசாரிக்கப்போய், 2006இல் யூடியூபில் "இது அரைபடுமா?" என்ற வரிசை பிறந்தது. ஆரம்பச் செலவு 50 டாலர். கோலிக்குண்டு, தோட்டத்து வாரி, பிறகு ஐபோன் வரை எல்லாவற்றையும் போட்டு அரைத்தார்கள். டிக்ஸன் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிதானமாக நிற்க, பக்கத்தில் மிக்ஸி கர்ரென்று ஐபோனைத் தூளாக்கும். அந்த முகத்துக்காகவே ஜனம் பார்த்தது. எங்கள் அண்ணாச்சியின் சிரிக்காத மூஞ்சிக்கு இத்தனை காலம் மார்க்கெட் இருந்திருக்கிறது. நாங்கள்தான் தெரியாமல் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

அடுத்து 2012இல் டாலர் ஷேவ் கிளப் என்ற பிளேடு கம்பெனி. நகைச்சுவை நாடகப் பயிற்சி பெற்ற அதன் முதலாளி மைக்கேல் டுபின், தானே கேமரா முன் நடந்துகொண்டு, தன் பிளேடின் பெருமையைக் கெட்ட வார்த்தை கலந்து ஒன்றரை நிமிடம் பேசினார். செலவு சுமார் 4,500 டாலர். முதல் இரண்டு நாளில் 12,000 ஆர்டர். 2016இல் யூனிலீவர் அந்தக் கம்பெனியை நூறு கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்தி. அக்கா மகனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "என் முதலாளிகிட்ட சொல்லாதீங்க மாமா. நூறு கோடியை விட்டுட்டு, ஒன்றரை நிமிஷத்தை மட்டும் பிடிச்சுக்குவாரு" என்றான்.

நம் நாட்டில் 2020 ஜூன் 29ஆம் தேதி டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அதற்குப் பதினாறாம் நாள் காரியம்கூட ஆகவில்லை, ஜூலை 8ஆம் தேதியே இன்ஸ்டாகிராம் ரீல்ஸைக் கொண்டுவந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து கடைக்காரர்களுக்கு நிம்மதி போயிற்று.

முதலாளியே கேமரா முன் நிற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சரவணா ஸ்டோர்ஸ் விளம்பரங்களில் தமன்னா, ஹன்சிகாவோடு சரவணன் அருள் ஆடியபோது இணையம் முழுக்கக் கேலி. அவர் அசரவே இல்லை. 2022இல் 'தி லெஜண்ட்' படத்தில் கதாநாயகனாகவே வந்துவிட்டார். மீம் போட்டவர்கள் எல்லாம் அவருக்குச் சம்பளமில்லாத விளம்பர ஏஜென்டுகள். லலிதா ஜுவல்லரியின் கிரண் குமாரும் அப்படித்தான். நடிகர்களை ஓரம் கட்டிவிட்டு, மொட்டைத்தலையோடு தானே வந்து பேசினார், தமிழ்நாட்டுக்கே முகம் பதிந்துபோயிற்று. ஆனால் முதலாளிக்கு வெட்கம் வந்துவிட்டால் வேறு வழியில்லை, வடிவேலு மீம்களிடம்தான் போக வேண்டும். வடிவேலு இல்லாவிட்டால் தமிழில் பாதி அட்மின்களுக்கு வேலை போய்விடும் என்பது என் கணிப்பு. 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த வடிவேலுவின் காண்ட்ராக்டர் நேசமணிக்காக 2019 மே மாதம் உலகமே ட்விட்டரில் பிரார்த்தனை செய்ததே, மறக்க முடியுமா?

பாட்டுக்கும் சிக்கல் உண்டு. அண்ணாச்சி தன் கொப்பரைக்கு இளையராஜா பாட்டுத்தான் வேண்டும் என்றார். "பிசினஸ் அக்கவுன்டுக்கு சினிமாப் பாட்டெல்லாம் கிடைக்காது அண்ணாச்சி, உரிமைப் பிரச்சினை" என்றான் பையன். "அப்போ நாதஸ்வரம் போடு. அது எவனுக்கும் சொந்தமில்லைல்லா?" கடைசியில்தான் அந்த டமடம.

வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு நம் கடைக்காரர்களைவிடத் துணிச்சல். டுயோலிங்கோ என்ற மொழி கற்கும் செயலிக்குப் பச்சை ஆந்தைதான் சின்னம். பாடம் படிக்காவிட்டால் விடாமல் நச்சரிக்கும் ஆந்தை. 2025 பிப்ரவரியில் அது செத்துப்போய்விட்டது என்று கம்பெனியே அறிவித்தது. மற்ற கம்பெனிகள் வரிசையில் நின்று துக்கம் விசாரித்தன. பாடகி துவா லிபாகூட. பிறகு ஆந்தை உயிரோடு திரும்பியது. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் பேர் போன நம் ஊரில்கூட இப்படி நடந்ததில்லை. அயர்லாந்தின் ரையனேர் விமானக் கம்பெனியோ, விமானத்துக்கே கண்ணும் வாயும் ஒட்டி, ஜன்னல் சீட்டில் ஜன்னல் இல்லையே என்று அழும் பயணியையே கிண்டல் செய்கிறது. டிக்கெட் மலிவு என்பதால் கிண்டலையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ வாடிக்கையாளரைக் கிண்டல் செய்வதில் உடன்பாடில்லை. 2019இல் ஜொமாட்டோ, எப்போதாவது வீட்டுச் சாப்பாடும் சாப்பிடுங்கப்பா என்று தன் வாடிக்கையாளருக்கே புத்தி சொன்னதே, அந்தக் கிண்டல் தன் கல்லாப்பெட்டி மேலேயே விழுந்தது. அதனால்தான் ரசித்தோம்.

நானும் ரசிகன்தான். ஒரு மிக்ஸி கம்பெனியின் பக்கத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே அவர்கள் மிக்ஸியை வாங்கினேன். மாமியார், சட்னி, பக்கத்து வீட்டு அம்மா என்று தினம் ஒரு கூத்து. வீட்டில் அந்த மிக்ஸி ஒருநாள் தேங்காயைப் பார்த்ததும் உறுமி, புகைந்து, நின்றது. அதே பக்கத்தில், அவர்கள் பாணியிலேயே, "உங்க மிக்ஸி சட்னியை விட்டுட்டு சாம்பிராணி போடுதுங்க" என்று எழுதினேன். சக கோமாளியைக் கண்டு மகிழ்வார்கள் என்று நினைத்தேன். பதில் வந்தது: "அன்புள்ள வாடிக்கையாளரே, உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். விவரங்களை டிஎம் செய்யவும்." டிஎம் செய்தேன். ஒரு ரோபோ வணக்கம் சொன்னது. புகார் எண் கொடுத்தது. மறுநாள் மறுபடி வணக்கம் சொல்லிப் புதிய எண் கொடுத்தது. அதே நேரத்தில் அந்தப் பக்கத்தில் மாமியார் ஜோக் ஒன்று புதிதாக ஏறியது.

அக்கா மகனிடம் கேட்டேன். "ஜோக் டிபார்ட்மென்ட் வேற, கம்ப்ளைன்ட் டிபார்ட்மென்ட் வேற மாமா. ஜோக்கு எங்க ஏஜென்சி மாதிரி ஒருத்தன் சென்னையில எழுதுவான். கம்ப்ளைன்டை இன்னொரு கம்பெனி இன்னொரு ஊர்ல பார்க்கும். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே கிடையாது." ஜோக்குக்குப் பட்ஜெட் உண்டாம். மாதத்துக்கு இத்தனை ரீல்ஸ் என்று கணக்கு உண்டாம். புகாருக்கு ஒரே ஒரு கணக்குத்தான்: எத்தனை எண் கொடுத்தார்கள் என்பது.

ஆகவே மிக்ஸியோ மெத்தையோ வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கம்பெனியின் ரீல்ஸைப் பார்த்துத் தாராளமாகச் சிரியுங்கள், மச்சினனுக்கும் அனுப்புங்கள். காசை எடுப்பதற்கு முன்னால் மட்டும் கமென்டுக்குள் இறங்கி, புகார் சொன்னவருக்கு என்ன பதில் வந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பதில் எதுவும் இல்லாமல் அட்மின் ஒரு ஹார்ட் மட்டும் போட்டிருந்தால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.