சப்பாத்தும் ஸ்பானியமும்

ஸ்பானிய மொழி படிக்கும் ஆங்கிலேயனுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஆங்கிலத்தில் 'ஷன்' என்று முடிவதையெல்லாம் 'சியோன்' என்று இழுத்தால் போதும்: நேஷன் நாசியோன் ஆகும், ரெவலூஷன் ரெவொலூசியோன் ஆகும். 1066இல் நோர்மன்காரன் இங்கிலாந்தைப் பிடித்து, அடியோடு சேர்த்துக் கொடுத்த பிரெஞ்சின் புண்ணியம் அது. ஆனால் இந்த முதலோடு மாட்ரிட்டில் இறங்குபவன் புரட்சி செய்யலாம், அரசியலமைப்பும் எழுதலாம். பசித்தால் பாண் கேட்கத்தான் வாய் வராது.

இனி கொழும்பு மாளிகாவத்தை தொடர்மாடிக்கு வாருங்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு உம்மா சொல்கிறார்:

"மகன், சப்பாத்தக் கழட்டிட்டு வாங்க. அலுமாரியில துவாய் ஈக்கி, மொகத்தத் தொடச்சிக்கோங்க. குசினி மேசையில பாண் ஈக்கி, தின்னுங்க."

ஸ்பானியன் இதையே ஸபாத்தோ, அர்மாரியோ, தொவால்யா, கொசினா, மேசா, பான் என்பான். ஒரு மூச்சில் ஆறு சொற்கள்! உம்மாவோ மாட்ரிட் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

இந்த இலவச வகுப்பைத் தொடங்கிவைத்தவர் போர்த்துக்கேயரான லொரென்சோ த அல்மைதா. 1505இல் (1506 என்று அடம்பிடிப்போரும் உண்டு) முஸ்லிம் வணிகர்களின் கப்பல்களைத் துரத்திக்கொண்டு புறப்பட்டார். காற்று அவரைத் துரத்தி இலங்கைக் கரையில் கொண்டுவந்து போட்டது. வந்தவர்கள் கல்லைத் தின்கிறார்கள், இரத்தத்தைக் குடிக்கிறார்கள் என்று கோட்டை அரசனுக்குச் செய்தி போனதாகச் சிங்கள வரலாற்று நூலான 'ராஜாவலிய' சொல்கிறது. இரத்தம் வைன். கல் வேறொன்றுமில்லை, பாண்தான். மாதக் கணக்கில் கப்பலில் கிடந்த பாண் கல்லாகத்தானே இருக்கும்! இன்று அதே 'கல்' ஆட்டோவில் ஏறி, பெத்தோவன் இசை பாடிக்கொண்டு சூன் பாணாக ஒழுங்கை ஒழுங்கையாக வருகிறது. அரசனிடம் ஓடி முறையிட ஆளில்லை.

தூதுவந்த பறங்கியரைப் பக்கத்திலிருந்த கோட்டைக்கு மூன்று நாள் சுற்றிச்சுற்றி அழைத்துப்போனார்களாம், தலைநகர் ரொம்பத் தூரம் என்று நம்பட்டும் என்று. துறைமுகத்துப் பீரங்கிச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்ததால் குட்டு உடைந்தது. 'பறங்கி கோட்டைக்குப் போனது போல' என்ற சிங்களப் பழமொழிதான் மிச்சம். கொழும்பு ஆட்டோக்காரர் சிலர் இந்தக் கலையை அழியவிடாமல் காத்துவருகிறார்கள்.

போர்த்துக்கேயம் தந்த சொற்களுக்கு ஸ்பானியம் ஏன் தலையாட்டுகிறது? இரண்டும் ஒரே லத்தீன் வயிற்றுப் பிள்ளைகள். ஆட்சியிலும் ஒரு கூத்து நடந்தது. 1580இல் கோட்டை அரசன் தர்மபாலன் தன் இராச்சியத்தையே போர்த்துக்கல் மன்னர் ஹென்றிக்கு எழுதிவைத்தான். ஹென்றியோ அந்த ஆண்டு ஜனவரியிலேயே மௌத்தாகியிருந்தார். கடைசியில் சொத்து போய்ச் சேர்ந்தது, போர்த்துக்கலையும் சேர்த்து விழுங்கிய ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்பிடம். 1640 வரை கொழும்புக்கும் மாட்ரிட்டுக்கும் ஒரே முதலாளி.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. மகன் மூன்றாம் பிலிப் 1609இல் ஸ்பெயினிலிருந்து முஸ்லிம் வழிவந்தவர்களை விரட்டத் தொடங்கினார். பேரன் நான்காம் பிலிப்பின் காலத்தில், 1626இல், இலங்கையில் போர்த்துக்கேயர் பிடித்துவைத்திருந்த பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்கள். கண்டி அரசன் செனரத் அவர்களில் பலரைக் கிழக்குக் கரையில் குடியமர்த்தினான். 1656இல் ஒல்லாந்தர் வந்து போர்த்துக்கேயரையே கொழும்பிலிருந்து விரட்டினார்கள். முஸ்லிம்கள் திரும்பிவந்தார்கள். விரட்டியவன் விட்டுப்போன மேசையில் உட்கார்ந்து, அவன் பாணைப் பிய்த்துச் சம்பலில் தோய்க்கிறார்கள்.

ஆனாலும் மாட்ரிட்டில் கொஞ்சம் கவனம் வேண்டும். போர்த்துக்கேயனின் 'கதெய்ரா'தான் நம் கதிரை. ஸ்பானியத்தில் அதன் தம்பி 'கதேரா' என்றால் இடுப்பு. உணவகப் பணிப்பெண்ணிடம் உட்காரக் கதிரை கேட்கப்போய் எசகுபிசகாகிவிடும். 'சில்யா' என்று கேளுங்கள்.

மத்ரஸாவில் அறபு ஓதியவருக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 711 முதல் 1492 வரை ஸ்பெயினில் அந்தலூஸ் என்ற முஸ்லிம் ஆட்சி. ஸுக்கர் அங்கே அஸுகார் ஆயிற்று, ஸைத் அஸெய்த்தே ஆயிற்று, காழி அல்கால்தே ஆகி நகரபிதா நாற்காலியில் அமர்ந்துவிட்டார். ஆட்களை விரட்டிய பிலிப்மாரால் சொற்களை விரட்ட முடியவில்லை. சீனியும் எண்ணெயும் கேட்க அவர்களும் அறபு வழிச் சொல்லைத்தான் சொல்லியாக வேண்டியிருந்தது.

ஆகவே ஸ்பானிஷ் வகுப்பில் சேரும் மாளிகாவத்தைக்காரர் முதல் தவணைக் கட்டணத்தில் கழிவு கேட்கலாம். அந்தப் பாடத்துக்கான காசைப் பறங்கி கப்பல் கப்பலாகக் கறுவாவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். பற்றுச்சீட்டு மட்டும் தரவில்லை.