முழுகிய காசுக்கு என்ன விலை?

கேள்வி: 1809-ல் மூழ்கிய கப்பலில் எடுத்தது என்று ஒரு செப்புக் காசு சான்றிதழோடு விலைக்கு வருகிறது. இத்தனை காலம் கடலில் கிடந்ததற்கு மதிப்பு கூடும்தானே? (வாசகர், திண்டிவனம்)

பதில்: கூடாது. கிடந்ததற்கெல்லாம் விலை என்றால் மரக்காணத்துக் கிளிஞ்சலை முதலில் ஏலம் விட வேண்டும். உங்களுக்கு வருவது அநேகமாக ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பலின் காசு. பர்மிங்காமில் மாத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் 1808-ல் அடித்த பத்துக் காசும் இருபது காசும், சென்னை மாகாணத்துக்கென்றே கிழக்கிந்தியக் கம்பெனி பீப்பாய்களில் அனுப்பியவை. உங்கள் ஊர் அடங்கிய தென்னார்க்காடு 1801-லேயே கம்பெனி கைக்குப் போய்விட்டது. கப்பல் ஒழுங்காக வந்திருந்தால் இவற்றில் சில உங்கள் ஊர்ச் சந்தையில் உப்புக்கும் புளிக்கும் கைமாறியிருக்கும். 1809 ஜனவரிப் புயலில் அது இங்கிலாந்துக் கரையை விட்டு விலகும் முன்பே குட்வின் மணல்திட்டில் சிக்கி உடைந்தது. 1980-களில் முக்குளித்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை மேலே கொண்டுவந்தார்கள். விலையைப் பிடித்து இழுப்பது அந்த எண்ணிக்கைதான். அதே அச்சில் அடித்து, வேறு கப்பலில் பத்திரமாக இறங்கிய காசு, கைபட்டுக் கைபட்டு மழுங்கிப்போனது. முழுகியதிலோ, பீப்பாயின் நடுவில் இருந்ததில் கம்பெனி முத்திரையின் சிங்கங்கள் கூர்மையாக நிற்கின்றன; உப்புநீர் நேராகத் தொட்டது சொறிபிடித்து எழுத்தே தெரியாமல் கிடக்கிறது. ஒரே கப்பல், ஒரே கதை, விலை மட்டும் வேறு. காசின் நிலைக்குத்தான் பணம்.

கேள்வி: அப்படியானால் கதைக்கு மதிப்பே இல்லையா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: உண்டு, கதை காசிலேயே ஒட்டியிருந்தால். இலங்கையின் தென்கிழக்கில், கிரேட் பாசஸ் பாறைத்திட்டில் 1961-ல் முக்குளிப்பாளர் மைக் வில்சன் குழுவுக்குக் கிடைத்த ஔரங்கசீப் ரூபாய்களைப் பாருங்கள். சூரத்தில் அடித்த, ஹிஜ்ரி 1113-ஆம் ஆண்டு வெள்ளி. மூட்டை மக்கிப் போனாலும் காசுகள் மூட்டையின் வடிவத்திலேயே இறுகிக் கட்டியாகியிருந்தன. அனுப்பிய விதத்துக்கு அந்தக் கட்டியே சாட்சி; உடைத்து உதிர்த்தால் மிஞ்சுவது கடல் அரித்த சூரத் ரூபாய்தான். கதை பெரிதாக இருந்தால் போதும் என்பவர்கள் ‘சிட்டி ஆஃப் கெய்ரோ’வை நினைக்க வேண்டும். பம்பாயிலிருந்து சுமார் 100 டன் வெள்ளி ரூபாய் ஏற்றிப் புறப்பட்டு, 1942 நவம்பரில் ஜெர்மன் நீர்மூழ்கியால் தென் அட்லாண்டிக்கில் மூழ்கிய கப்பல். ஐந்து கிலோமீட்டர் ஆழத்திலிருந்து அந்த ரூபாய்களை மீட்டெடுத்து, உருக்கி, வெள்ளியாக விற்றார்கள். கதைக்கு என்ன குறை? ஒன்றுமில்லை. ஆனால் அந்த ரூபாய் கரையிலும் ஏராளமாக இருந்தது.

சான்றிதழ் இருக்கிறதே என்பீர்கள். அந்தக் குறிப்பிட்ட காசின் படமும் எடையும் இல்லாத தாள், 1808-ஆம் ஆண்டின் எந்தக் காசோடும் போகும். கடை மாறும்போது தாள் ஒரு பக்கம், காசு ஒரு பக்கம். ஆகவே முதலில் தராசில் வையுங்கள்: இருபது காசு ஒன்பது கிராமுக்குச் சற்று மேல் இருக்க வேண்டும், நன்றாகக் குறைந்தால் கடல் தின்றிருக்கலாம். அப்புறம், இதே தெளிவில், கடலைப் பார்க்காத 1808 காசு என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். அதற்கு மேல் கேட்டால் பேரம் பேசுங்கள். இறங்கி வராவிட்டால் விட்டுவிடுங்கள், இன்னும் லட்சக்கணக்கில் இருக்கிறது.