சிங்கப்பூர்க் கடிதம்: எந்தக் கழிக்கு எந்த ரீல்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பெரியப்பாவுக்கு,

தூண்டில் கழிக்கு ரீல் பொருத்தும்போது முதலில் பார்க்க வேண்டியது ரீலை அல்ல, கழியின் வளையங்களை. கழியைக் கையில் பிடித்தால் வளையங்கள் தரையைப் பார்த்துத் தொங்குகின்றனவா, அது ஸ்பின்னிங் கழி. வானத்தைப் பார்த்து நிற்கின்றனவா, அது காஸ்டிங் கழி. இந்த ஒன்று தெரிந்தால் பாதித் தவறு குறையும். ஆனால் சிங்கப்பூர்க் கடைகளில் இரண்டும் ஒரே சுவரில்தான் சாத்தியிருக்கும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர் நிறத்தைப் பார்த்து ஒரு கழியையும் தள்ளுபடியைப் பார்த்து ஒரு ரீலையும் எடுத்துக்கொண்டு பெடோக் ஜெட்டிக்குப் போவார். அங்கே வரிசையாக நிற்கும் பெரியவர்கள் யாரும் சிரிப்பதில்லை. "எந்தக் கடையில் வாங்கினது?" என்று மட்டும் கேட்பார்கள். ஜெட்டியில் அதற்கு மேல் ஓர் அவமானம் கிடையாது.

ஊரில் இந்தத் தொல்லை இல்லை. தென்னேரிக் கரையில் மூங்கில் கழி நுனியில் தங்கூஸைக் கட்டி, தக்கையும் முள்ளும் மாட்டி, மண்புழுவைக் கோத்துப் போட்டால் கெண்டை வரும். கழியும் தங்கூஸும் சேர்ந்து எட்டுகிற தூரம்தான் எல்லை. அந்த எல்லைக்கு அப்பால் இருக்கிற மீனுக்காக வந்ததே ரீல். அது ஒன்றும் புதுச் சரக்கு அல்ல. சீன ஓவியர் மா யுவான் 1195 வாக்கில் வரைந்த ஓவியத்திலேயே, படகில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தூண்டிலில் ரீல் இருக்கிறது.

இன்று அதிகம் புழங்குவது ஸ்பின்னிங் ரீல். காஞ்சிபுரத்துக்காரருக்கு இதை விளக்க அதிக நேரம் வேண்டியதில்லை. தறியின் நாடாவுக்குள் நூல் சுற்றிய தார் சுழலாமல் நிற்க, நூல் அதன் நுனி வழியாக உருவி வருகிறதல்லவா, வீசும்போது இந்த ரீலிலும் அதுதான் நடக்கிறது. உருளை அசையாது, நரம்பு என்கிற தூண்டில் இழை மட்டும் அதன் விளிம்பைத் தாண்டிச் சுருள் சுருளாக வெளியேறும். 1905-இல் இதற்குக் காப்புரிமை வாங்கிய ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்து ஆலை முதலாளி. ஆலையில் கண்டிலிருந்து நூல் உருவி வருவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்தது என்பார்கள். நெசவுத் தெருவில் பிறந்த எவருக்கும் இந்த யோசனை வந்திருக்கலாம். தெருவில் யாருக்கும் மீன் பிடிக்க நேரம் இல்லாததுதான் குறை.

சுருளாக வருகிற நரம்பை அடக்க வேண்டும் என்பதால் ஸ்பின்னிங் கழியின் முதல் வளையம் பெரியதாகவும், கழியிலிருந்து நன்றாக விலகியும் நிற்கும். நுனியை நோக்கிப் போகப்போக வளையங்கள் சிறுத்து, சுருள் நேர்கோடாகிவிடும். ரீல் கழிக்கு அடியில் தொங்க வேண்டும். அதைத் தலைகீழாக மேலே திருப்பி வைத்து, கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றுகிறவர்களை எந்த ஊர்க் கடற்கரையிலும் பார்க்கலாம். மீன் விழுந்ததும் கழி வளைய வேண்டிய பக்கத்துக்கு மாறாக வளையும், நரம்பு கழியோடு உரசும், மீன் தன் வழியே போகும்.

இந்த ரீலைக் காஸ்டிங் கழியில் மாட்டினால் என்ன ஆகும்? சிறிய முதல் வளையத்தில் சுருள்கள் மோதி நிற்கும். முப்பது மீட்டர் போக வேண்டிய தூண்டில் பத்து மீட்டரில் விழும். வீசியவர் காற்றைக் குறை சொல்வார்.

அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆறரை, ஏழு அடிக் கழிக்கு 2500 அல்லது 3000 எண் ரீல். எட்டு, ஒன்பது அடிக்கு 4000, 5000. கரையில் நின்று அலைக்கு அப்பால் வீசும் பத்து முதல் பதின்மூன்று அடிக் கழிக்கு 6000, 8000. கம்பெனிக்குக் கம்பெனி இந்த எண் கொஞ்சம் மாறும். அதனால் எண்ணைவிட நம்பகமான சோதனை ஒன்றைக் கடையிலேயே செய்துவிடலாம். ரீலை மாட்டி, அதற்குச் சற்று முன்னால் ஒரு விரலில் கழியைத் தாங்கிப் பார்க்க வேண்டும். நுனி தரையைத் தேடிக் குனிந்தால் ரீல் சின்னது. அடி இறங்கினால் ரீல் பெரியது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் இதைச் செய்யாமல் பணம் கொடுக்கக் கூடாது. ஒரு மாலைக்குள் சில நூறு தடவை வீசப்போகிற மணிக்கட்டுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது வகை பெய்ட்காஸ்டர். இது கழியின் மேல் உட்காரும். இதன் உருளை நரம்போடு சேர்ந்து சுழலும். நரம்பு சுருளாமல் நேராகப் போவதால் வளையங்கள் சிறியவை, கழியை ஒட்டி நிற்பவை. பிடியின் அடியில் சுட்டுவிரலுக்குக் கொக்கி மாதிரி ஒரு நீட்டல் இருக்கும். குறி தவறாமல் வீசுவதற்கும் தடித்த நரம்புக்கும் இதற்கு இணை இல்லை. சிக்கலும் அந்தச் சுழற்சியில்தான். தூண்டில் தண்ணீரில் விழுந்து நின்ற பிறகும் உருளை நிற்காமல் ஓடினால், வெளியே போக இடமில்லாத நரம்பு உள்ளேயே குவிந்து ஒரு குருவிக்கூடு தயாராகும். கட்டைவிரலால் உருளையைத் தொட்டு நிறுத்தப் பழக வேண்டும். பட்டுச் சிட்டத்தில் சிக்கெடுத்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று தோன்றலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு, கொசுக்கடியில், பின்னல் நரம்பில் விழுந்த சிக்கு வேறு ஜாதி. கத்தரிக்கோல்தான் வழி.

இந்தச் சுழலும் உருளை ரீலைச் செம்மையாக்கியவர்கள் கடிகாரக்காரர்கள். அமெரிக்காவின் கென்டக்கியில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்சக்கரம் வைத்து, கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை பல சுற்றுச் சுற்றும்படி செய்தார். ஸ்வீடனின் ஆபூ கம்பெனி 1921-இல் தொடங்கியபோது செய்தது பாக்கெட் கடிகாரம். பிறகு டாக்சி மீட்டர். அதன் பிறகே ரீல். ஜப்பானின் ஷிமானோ அதே 1921-இல் சைக்கிள் உதிரிபாகத்தில் ஆரம்பித்தது. உருளைக்கு மூடி போட்ட ரீலை 1949-இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஜெப்கோவின் பூர்வாசிரமப் பெயர் ஜீரோ ஹவர் பாம் கம்பெனி. எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்கு வெடிகுண்டு விற்ற இடம். பிழைப்புக்கு மீன் பிடித்தவர் யாரும் இந்தப் பட்டியலில் இல்லை. அந்த மூடிய ரீல் குழந்தைகளுக்கு ஏற்றது. அதுவும் கழியின் மேல்தான் உட்காரும், காஸ்டிங் கழியே அதற்குப் போதும்.

படகிலிருந்து ஆழத்தில் இறக்கும் பெரிய உருளை ரீல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குட்டையான, தடித்த கழி, ரீல் மேலே, ரீலைப் பூட்டும் பகுதி பெரும்பாலும் உலோகம். வஞ்சிரம் ஓடும்போது பிளாஸ்டிக் பூட்டு பொறுக்காது.

ஃப்ளை எனப்படும் ஈத்தூண்டில் தனிக் குடும்பம். இதில் ரீல் பிடிக்குப் பின்னால், கழியின் அடிக்கோடியில் தொங்கும். வீசப்படுவது ஈயக்குண்டு அல்ல, நரம்பின் எடையே. அதனால் கழிக்கும் நரம்புக்கும் ரீலுக்கும் ஒரே எண் வர வேண்டும். 1961-இல் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் வகுத்த கணக்குப்படி நரம்பின் முதல் முப்பது அடி சுமார் 9 கிராம் இருந்தால் அது 5-ஆம் எண். ஐந்தாம் எண் கழியில் எட்டாம் எண் ரீலை மாட்டினால் மீனுக்கு ஆபத்தில்லை, தோள்பட்டைக்குத்தான். காஞ்சிபுரத்தில் இந்தக் குடும்பத்துக்கு மரியாதை கிடைக்க வேறு காரணம் உண்டு: நைலான் வரும்வரை இந்த நரம்பு பட்டில்தான் பின்னப்பட்டது. எண்ணெய் ஊட்டிய பட்டு நரம்பை ஒவ்வொரு நாளும் ரீலிலிருந்து கழற்றிக் காயவைக்காவிட்டால் மக்கிப்போகும். வளையங்களைக் கழியோடு சேர்த்துக் கட்டியதும் பட்டு நூலால்தான். இன்று நைலான் நூலால் சுற்றி மேலே பசை பூசுகிறார்கள். கட்டு மட்டும் அதேதான்: முடிச்சே இல்லாமல், நூலின் முனையைச் சுற்றுகளுக்கு அடியில் இழுத்து ஒளித்துவிடுவது.

கழியின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படிக்காமல் ரீலுக்கு நரம்பு வாங்கக் கூடாது. பிஇ 1-2, 7-28 கிராம் என்று இருந்தால், முன்னது நரம்பின் பருமன், பின்னது வீசக்கூடிய எடை. பிஇ 1 என்பது 200 டெனியர். பட்டை அளக்கிற டெனியரேதான்: 9000 மீட்டர் நூல் 200 கிராம். சிங்கப்பூர்க் கடைப்பையன் கால்குலேட்டரைத் தேடுகிற இடத்தில் ஒரு நெசவாளி விரலால் உருட்டிப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். உருளையின் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாக நரம்பு நிரம்ப வேண்டும். இழுவிசைத் திருகை நரம்பின் தாங்குசக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுக்கினால், பெரிய மீன் அறுத்துக்கொண்டு போகும்.

ஊர் ஏரிக்கு இதில் எது பொருந்தும்? சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் அனுமதித்த கரையில் மட்டும், செயற்கை இரையோடு மட்டும் தூண்டில் போடலாம், மீறினால் அபராதம். அங்கே பேர்போன மீன் தோமான். அது நம் விராலின் பெரிய பங்காளி, கோபமும் அதே அளவு. ஆகவே அதற்குத் தேறிய ஜோடி விராலுக்கும் தேறும்: ஏழடிக்குள் சற்று விறைப்பான காஸ்டிங் கழி, பெய்ட்காஸ்டர், தடித்த பின்னல் நரம்பு, பாசியின் மேல் துள்ளிவரும் ரப்பர் தவளை. கெண்டைக்கும் கெளுத்திக்கும் மண்புழுவே போதும் என்றால் ஏழடி ஸ்பின்னிங் கழியும் 3000 ரீலும் சரி. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சலிவன் தாமஸ் 1887-இலேயே இந்திய ஏரி, குளத்துத் தூண்டிலுக்கென்று ஒரு புத்தகம் போட்டார். துரைக்குக் குத்தகைதாரர் தொந்தரவு இருந்திருக்காது. இப்போது ஏரி மீன் ஏலம் போயிருக்கும், கேட்டுக்கொண்டு இறங்குவது நல்லது. சர்வதீர்த்தக் குளத்து மீனுக்குப் பொரி மட்டும்.

மிச்சம் இருப்பது கைப்பக்கம். ஸ்பின்னிங் ரீலின் கைப்பிடியைக் கழற்றி எந்தப் பக்கமும் மாட்டலாம். பெய்ட்காஸ்டரில் முடியாது, வலக்கை ரீல் கடைசிவரை வலக்கை ரீல்தான். நாடா எறிந்து பழகியவருக்கு இரண்டு கையும் ஒன்று என்பதால் இங்கிருந்து ஊகித்து வாங்குவது சரிவராது. எந்தக் கையால் வீசி எந்தக் கையால் சுற்றுவது என்பதைப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு துடைப்பக் கட்டையை வைத்துப் பார்த்து எழுதினால், அந்தப் பக்கத்து ரீலை வாங்கலாம்.