தட்டியும் திறவா வாயில்

சிங்கப்பூர்ப் பெருவிரைவு ரயில் நிலையங்களில் காலை நேரத்தில் தவறாமல் தென்படும் மனித வகைகளுள் ஒன்று, அட்டையைத் துறந்து திறன்பேசியால் மட்டுமே கட்டணம் செலுத்துபவர். இவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. மற்றக் கட்டண வாயில்கள் எல்லாம் சளைக்காமல் திறந்து மூடிக்கொண்டிருக்க, ஒன்றின்முன் மட்டும் கூட்டம் தேங்கி நின்றால் அந்தக் கூட்டத்தின் தலைவர் இவரே. வயது 55-க்கும் 65-க்கும் இடையில். பெரும்பாலும் ஆண். பெண்களும் திறன்பேசியால் தட்டுவதுண்டு. ஆனால் இரண்டு முறை தட்டியும் கதவு திறக்காவிட்டால் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துத் தட்டிவிட்டுப் போய்விடுவதால் அவர்களை இவ்வகையில் சேர்ப்பதற்கில்லை.

இவர் திடீரென்று முளைத்தவர் அல்லர். 1987 நவம்பரில் இங்கே முதல் பெருவிரைவு ரயில் ஓடியபோது காந்தப் பட்டையுள்ள பயணச்சீட்டை இயந்திரத்தின் வாய்க்குள் நுழைக்க வேண்டியிருந்தது. அதன்முன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நின்றவர்கள் இவருடைய முன்னோடிகள். 2002-ல் ஈசி-லிங்க் அட்டை வந்ததும், பணப்பையைத் திறக்காமல் அப்படியே கருவிமேல் வைத்துக் கடக்கும் கலை வளர்ந்தது. அந்தக் காலத்தில் இவருக்கு ஒரு குறையும் இல்லை. 2019-ல் சிம்ப்ளிகோ முறை வந்தது. வங்கி அட்டையும், அதை ஏற்றிவைத்த திறன்பேசியும், கைக்கடிகாரமும் பயணச்சீட்டு ஆயின. அன்றிலிருந்து காப்பிக்கடையில் இவர் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இன்னுமா கார்டு வச்சிருக்கீங்க?”

இவருடைய கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். திறன்பேசிக்குள் என்எஃப்சி என்னும் குறுந்தொலைவு அலைத்தொடர்பு அமைப்பு இருக்கிறது. வாயிலில் உள்ள கருவியோடு அது பேசும் தூரம் சில சென்டிமீட்டர்தான். ஐபோனில் அதன் ஆன்டெனா மேல்விளிம்பை ஒட்டியிருக்கும். ஆண்ட்ராய்டு பேசிகள் பலவற்றில் முதுகின் நடுவிலோ கேமராவின் அருகிலோ இருக்கும். இவர் கருவிமேல் வைப்பது கீழ்விளிம்பை. சரியான இடத்தை வைத்தாலும் பலன் குறைவு. ஏனெனில் அந்த முதுகில் காரில் பொருத்தும் காந்தத் தாங்கிக்காக ஓர் இரும்புத் தகடு, விரல் நுழைக்க ஒரு வளையம், இரண்டையும் காக்க ஒரு தடித்த உறை என மூன்று அடுக்குக் காவல் உண்டு. உலோகத் தகடு அலையை மறித்துவிடும். சொந்தமாகக் கார் இல்லாதவருக்குக் காந்தத் தாங்கி எதற்கு என்று கேட்கலாம். மாப்பிள்ளையின் காரில் முன்னிருக்கையில் அமர்ந்து, கேட்காமலே வழி சொல்வதற்கு.

அட்டை பட்ட மாத்திரத்தில் வேலை முடியும். திறன்பேசியைக் கருவிமேல் சிறிது நேரம் அசையாமல் பிடிக்க வேண்டும். இவரோ தேக்கா சந்தையில் தேங்காய் வாங்குபவர்போல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்பார். சத்தம் வராது. அடுத்து இன்னும் ஓங்கித் தட்டுவார். அலைக்கும் அடிக்கும் தொடர்பில்லை என்பதை இவரிடம் சொன்னவர்கள் உண்டு.

திரை பூட்டியிருப்பதும் அடிக்கடி நேர்வது. பல பேசிகள் விரல்ரேகையையோ முகத்தையோ கண்ட பிறகே கட்டணத்துக்கு இணங்கும். வியர்த்த விரலை அவை ஏற்பதில்லை. பேசியில் இரண்டு கட்டணச் செயலிகள் இருந்து, வங்கி அட்டை ஒன்றிலும் முதன்மை உரிமை மற்றதிலும் இருந்தால் வாயிலுக்கு எதிரில் ஒரு குடும்ப வழக்கே நடக்கும். என்எஃப்சி அணைந்திருப்பதும் உண்டு. பேட்டரி மிச்சமாகும் என்று காப்பிக்கடை நண்பர் சொன்னதைக் கேட்டு இவரே அணைத்திருப்பார். ஆனால் தோல்வி எதுவாயினும் இவர் கூறும் காரணம் மாறாது: “லைன் இல்ல.” கையை உயர்த்திச் சமிக்ஞை தேடுவார். உண்மையில் வாயிலில் தட்டும் நொடியில் பேசிக்கு இணையம் தேவையில்லை. அட்டைக்குப் பதிலாக வங்கி தந்த ஒரு மாற்று எண் பேசிக்குள்ளேயே இருக்கிறது. கருவி அதைக் குறித்துக்கொள்ளும், கட்டணத்தைப் பின்னால் உள்ள கணினிகள் கணக்கிடும்.

இதற்குள் பின்னால் ஓர் ஆலோசனைக் குழு கூடிவிடும். “கவரைக் கழட்டிப் பாருங்க அங்கிள்” என்பான் ஒரு மாணவன். அதுதான் சரியான யோசனை, ஆகவே ஏற்கப்படாது. அணைத்து மறுபடி போடச் சொல்வார் இன்னொருவர். அதை இவர் உடனே, வாயிலிலேயே நின்று, செய்வார். வார நாள்களில் காலை 7.45-க்கு முன் ரயில் நிலையத்துக்குள் நுழைந்தால் கட்டணத்தில் 50 காசு வரை குறையும். அந்தச் சலுகைக்காகவே விடியலில் எழுந்து 7.43-க்கு வாயிலை அடையும் இவர், பேசி உயிர்பெற்று எழும்போது 7.46-ஐப் பார்ப்பார். இவருக்குப் பின்னால் நின்றவர்களின் 50 காசும் அதோடு போகும்.

ரயிலைவிடப் பேருந்தில் சிக்கல் நுட்பமானது. சிங்கப்பூர்ப் பேருந்தில் ஏறும்போதும் தட்ட வேண்டும், இறங்கும்போதும் தட்ட வேண்டும். கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. இறங்கும்போது தட்டாவிட்டால் அந்தப் பேருந்து கடைசி நிறுத்தம் வரை போகும் தூரத்துக்கும் கட்டணம் விழும். இவர் ஏறும்போது திறன்பேசியால் தட்டுவார். இறங்கும்போது ஒரு கையில் குடை, மறு கையில் கீரைக்கட்டு. ஆகவே மகள் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த கைக்கடிகாரத்தை நீட்டுவார். இரண்டிலும் இருப்பது ஒரே வங்கி அட்டைதானே என்பது இவர் வாதம். அட்டை ஒன்றுதான்; ஆனால் பேசிக்கு ஒரு மாற்று எண், கடிகாரத்துக்கு வேறொரு மாற்று எண். கருவியின் கண்ணுக்குப் பேசி என்னும் பயணி இன்னும் இறங்கவில்லை. கடிகாரம் என்னும் பயணி இப்போதுதான் ஏறியிருக்கிறார். கீரை வாங்கப் போனவர் இரண்டு ஆளாகக் கடைசி நிறுத்தம் வரை போய்ச்சேருகிறார்.

விருந்தாளியை அழைத்துச் செல்லும் நாளில் இவர் பெருந்தன்மையைக் காணலாம். மதுரையிலிருந்து வந்த மைத்துனர் கருவியின் நாலா பக்கமும் கியூஆர் குறியைத் தேடிக்கொண்டிருக்க, “விடுங்க மச்சான், நான் பாத்துக்கிறேன்” என்று தன் பேசியாலேயே இரண்டு முறை தட்டுவார். ஒரு கருவிக்கு ஒரு பயணிதான் என்பது விதி. ஓட்டுநர் வாய் திறக்காமல் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை.

ஆனாலும் பேட்டரி தீர்ந்த நிலைதான் இவர் வாழ்வின் உச்சம். நுழையும்போது 6 விழுக்காடு இருந்திருக்கும். அதில் பழைய நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்துக்கொண்டே வந்து ஜூரோங் ஈஸ்ட்டில் இறங்கினால் திரை கறுத்துக் கிடக்கும். உள்ளே வந்த பேசியால்தான் வெளியே போக முடியும். பயணிகள் சேவை நிலையத்தில் இருக்கும் இளைஞர் மரியாதையோடு கேட்பார்: “அங்கிள், கார்டு இருக்கா?” இவர் செத்த பேசியைத் தூக்கிக் காட்டுவார்: “இருக்கு தம்பி. இதுக்குள்ளதான் இருக்கு.”

60 வயதைக் கடந்தவர் என்றால் கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் 60 வயதில் மூத்தோருக்கான சலுகை அட்டையைப் பெறலாம். கட்டணம் கணிசமாகக் குறையும். வங்கி அட்டையை ஏற்றிய திறன்பேசிக்கு வயது தெரியாது. அது முழுக் கட்டணத்தையே எடுக்கும். சலுகை அட்டை வீட்டு அலமாரியில் உறையோடு பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்தால் தனக்கு வயதானது வாயிலுக்குத் தெரிந்துவிடும் என்று இவர் கருதுவதாகத் தெரிகிறது. மாதம் முழுக்க முழுக் கட்டணம் கட்டியாவது இளமையைக் காப்பவர்.

2024 ஜனவரி 9-ஆம் நாள், பழைய முறையில் இயங்கிய ஈசி-லிங்க் அட்டைகள் ஜூன் 1 முதல் செல்லாது என்று நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. சிம்ப்ளிகோவில் கட்டணமும் மீதித் தொகையும் வாயிலில் தெரியாது. செயலியைத் திறந்து பார்க்க வேண்டும். அட்டையைச் சிம்ப்ளிகோவுக்கு மாற்ற வந்தவர்கள் வரிசைகளில் நின்றார்கள், முணுமுணுத்தார்கள். காலத்தோடு நடக்கத் தெரியாத கூட்டம் என்று காப்பிக்கடையில் இவர் தீர்ப்புச் சொன்னார். இரண்டு வாரத்துக்குள், ஜனவரி 22-ல், அரசாங்கம் அந்த முடிவைக் கைவிட்டது. பழைய முறையை நீட்டிக்க 40 மில்லியன் வெள்ளி செலவாகும் என்றும் அறிவித்தது. அன்று இவர் காப்பிக்கடைக்கு வரவில்லை. எவ்வளவு கழிந்தது என்று கேட்டால் இன்றுவரை இவருக்கும் தெரியாது. செயலியின் மறைச்சொல்லை மறந்து வெகுநாள் ஆயிற்று.

கணக்கு கடைசியில் மனைவியின் கைக்குப் போகும். பயணக் கட்டணங்கள் ஒவ்வொன்றாக வராமல் சில நாள்களுக்குச் சேர்ந்து ஒரே தொகையாகப் பதிவாவதால், வங்கிக் கணக்கில் முதலில் எதுவும் புலப்படாது. பிறகு புலப்படும். கணக்கில் பணமில்லாமல் வங்கி ஒரு தடவை மறுத்துவிட்டால், பாக்கியைக் கட்டும்வரை வாயில் அந்தப் பேசியை உள்ளே விடாது. அந்தத் தடையையும் இவர் “லைன் இல்ல” என்றே விளக்கியிருப்பார். தட்ட மறந்த பயணங்களுக்கு முறையிட்டுப் பணம் திரும்பப் பெற வழியுண்டு. முறையீட்டை எழுதுபவர் மனைவிதான்.

விசாரணையின் முடிவில் இவர் அட்டை எடுத்துச் செல்ல ஒப்புக்கொள்வார். ஆனால் பணப்பை சுமப்பதை எப்போதோ விட்டுவிட்டதால், புதிய அட்டையைத் திறன்பேசி உறையின் பின்மடிப்பில் செருகிக்கொள்வார். இப்போது கருவிமேல் பேசியை வைத்தால் அட்டையும் உடன் வைக்கப்படுகிறது. எது முதலில் பதில் சொல்கிறதோ அதையே கருவி எடுத்துக்கொள்ளும். பேருந்தில் ஏறும்போது அட்டை முந்திக்கொள்கிறது. இறங்கும்போது, திரையைத் திறந்து வைத்திருப்பதால், பேசி முந்திக்கொள்கிறது.