சீட்டு மீமாம்சை: ஓரிக்கைச் சிறுவர் வழக்குகள் குறித்து ஓர் ஆராய்ச்சி

பாலாற்றை ஒட்டிக் காஞ்சி மாநகரின் ஓரமாய் அமைந்துள்ள ஓரிக்கையில், பள்ளிக்கூடம் விட்டபின் திண்ணைகளில் கூடிப் போகிமான் சீட்டாடும் சிறுவர்களிடையே எழும் விதிச் சிக்கல்களைப் பற்றி இதுகாறும் எந்தப் பல்கலைக்கழகமும் முறையான ஆராய்ச்சியில் இறங்காதிருப்பது, நம் வித்வான்கள் தொல்காப்பியரின் காலத்தை நிர்ணயிப்பது போன்ற எளிய காரியங்களிலேயே ஆயுளைக் கழித்துவிடுகின்றனர் என்பதற்குப் போதிய சான்றாகும். அக்குறையை ஒருவாறு நீக்குவதே இக்கட்டுரையின் பிரயோஜனம்.

முதற்கண் ஆராய்ச்சிப் பொருளின் லக்ஷணத்தைக் கூறுதல் முறை. போகிமான் சீட்டுகள் 1996-இல் ஜப்பானில் தோன்றி, 1999-இல் ஆங்கில உருப்பெற்று உலகெங்கும் பரவியவை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு விசித்திரப் பிராணியின் உருவமும், அதன் உயிர்வலிமையைக் குறிக்கும் ஹெச்.பி. என்னும் எண்ணும், அது தொடுக்கும் தாக்குதல்களின் வர்ணனையும் அச்சாகியிருக்கும். ஆளுக்கு 60 சீட்டு, பரிசாக ஒதுக்கி வைக்க 6 சீட்டு என்றவாறு தொடங்கும் விரிவான விதிநூலும் இவ்வாட்டத்துக்கு உண்டு. ஆனால் நம் ஊர் ஃபேன்சி ஸ்டோர்களில் தங்க ரேக் ஒட்டினாற்போல் மினுங்கிக்கொண்டு தொங்கும் பாக்கெட்டுகளில் சீட்டு மட்டுமே வந்து சேர்ந்தது; விதிநூல் வரவில்லை. மூலம் எஞ்சி உரை தொலைந்த நூல்கள் நம்மிடம் பல உண்டு. சூத்திரம் தொலைந்து உதாரணங்கள் மட்டும் எஞ்சிய சாஸ்திரம் நானறிந்தவரை இது ஒன்றே.

ஆயினும் சிறுவர் அதற்காகத் தயங்கினாரில்லை. தம் தகப்பன்மார் தொண்ணூறுகளில் ஆடிய மல்யுத்த வீரர் டிரம்ப் கார்டு ஆட்டத்தை ஸ்மிருதியாகக் கொண்டு இப்புதிய சுருதிக்குப் பொருள் காணலாயினர். ஆளுக்கொரு சீட்டை வைப்பது, எவன் சீட்டில் ஹெச்.பி. மிகுதியோ அவன் இரண்டையும் அள்ளிக்கொள்வது, அவ்வளவே. பழைய ஆட்டத்தில் உயரம், எடை, மார்பளவு ஆகியவற்றில் பெரிய எண்ணும், ரேங்க் என்னும் ஒன்றில் மட்டும் சிறிய எண்ணும் வெல்லும் என்றொரு நுட்பம் இருந்தது. அவ்விதிவிலக்கை எவரும் மனப்பாடம் செய்ததில்லை, எவரும் மறந்ததுமில்லை.

இனி வழக்குக்கு வருவோம். ஒரு மாலை, சாரிசார்டு என்னும் நெருப்புமிழும் பறவைநாகத்தை ஒருவன் ஆரவாரத்தோடு இறக்க, எதிரில் இருந்தவன் கையை நீட்டித் தடுத்தான்.

“டேய், அத்த அப்படியே நேரா எறக்கக் கூடாதுடா. மொதல்ல சார்மாண்டர் வைக்கணும், அது மேல சார்மீலியன், அப்புறம்தான் இது.”

“யார்றா சொன்னது?”

“மெட்ராஸ்ல எங்க மாமா பையன்.”

“அது மெட்ராஸ் ரூல்ஸ். இங்க செல்லாது.”

மாமன் மகன் கூறியதே விதிநூலுக்கு இயைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓரிக்கை சபை தேசாசாரத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. இங்கே கவனிக்கத்தக்கது தீர்ப்பன்று. ஆக்ஷேபம் எழுப்பியவன் கையில் அப்பொழுது 60 ஹெச்.பி. கொண்ட அணில்போன்ற பிராணி ஒன்றே இருந்தது என்பதாகும். நான் கண்ட அளவில், விதியின் பொருள் விளங்கவில்லை என்று வென்றுகொண்டிருப்பவன் ஒருநாளும் முறையிட்டதில்லை. சந்தேகம் என்பது தோல்வியின் வாசற்படியில் பிறக்கும் குழந்தை; வியாக்கியானம் அதன் தாலாட்டு. இக்கட்டுரையின் சித்தாந்தம் இதுவே. எஞ்சியவை அதற்குப் பிரமாணங்கள்.

இவ்வகை ஆட்டங்களுக்கு ஆதிகாரணர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர்; அவர் வகுத்து 1993-இல் வெளிவந்த மேஜிக்: தி கேதரிங் என்னும் மாயச் சீட்டாட்டத்தின் முழு விதித்தொகுதி இன்று 200 பக்கங்களைக் கடந்து நிற்கிறது; அதைக் கற்றுத் தேர்ந்து நடுவராகும் அதிகாரிகளும் பல நாடுகளில் உளர். அத்தொகுதியின் 101-ஆம் பகுதி இரு பெரும் நியாயங்களைக் கூறுகிறது. பொது விதியும் சீட்டில் அச்சான வாசகமும் முரண்படின் சீட்டே வெல்லும் என்பது முதலாவது. உத்சர்க்கத்தை அபவாதம் விலக்கும் என்று நம் சாஸ்திரிகள் நெடுங்காலமாகச் சொல்லிவருவதே அது. ஒரு சீட்டு ‘செய்யலாம்’ என்று கூற, மற்றொரு சீட்டு ‘செய்யலாகாது’ என்று கூறுமாயின், ஆகாது என்பதே வெல்லும் என்பது இரண்டாவது. ஜைமினியின் வழிவந்த மீமாம்சகர் இவ்விடத்தில் சற்றுத் தாராள மனத்தினர். அதிராத்திர யாகத்தில் ஷோடசி என்னும் பாத்திரத்தை எடுக்குமாறும் எடுக்கலாகாதென்றும் வேதமே இரு வகையாகக் கூறக் கண்டு, இரண்டும் சமபலமுடையன, ஆதலின் இஷ்டம்போல் செய்க என்று விகல்பம் கூறிவிட்டனர். யாகத்தில் எதிராளி இல்லாமையால் இது சாத்தியமாயிற்று. திண்ணையில் விகல்பம் கூறினால் கைகலப்பே மிஞ்சும்.

மேஜிக்கின் விதிச் சிக்கல்களுள் தலையாயது ஹ்யூமிலிட்டி, ஓபலசென்ஸ் என்னும் இரு சீட்டுகளின் சேர்க்கையால் விளைவது. முன்னது, களத்திலுள்ள பிராணிகள் யாவும் தம் ஆற்றல்களை இழந்து ஒன்றுக்கு ஒன்று என்னும் வலிமைக்குச் சுருங்குக என்கிறது. பின்னது, களத்தில் கிடக்கும் ஏனைய மந்திரச் சீட்டுகளை அவற்றின் விலைக்கு ஈடான வலிமையுடைய பிராணிகளாக்குகிறது. ஆகவே ஹ்யூமிலிட்டி தானும் பிராணியாகிறது. பிராணியாகவே தன் கட்டளைப்படி தன் ஆற்றலை இழக்கிறது. இழந்தால் கட்டளை இல்லை. கட்டளை இல்லையேல் இழப்பும் இல்லை. தன் தலையில் தான் கைவைத்த பஸ்மாசுரனாவது சாம்பலாகி விவகாரத்தை முடித்துக்கொண்டான். இச்சீட்டு எரியவும் மாட்டாது, அணையவும் மாட்டாது. விதி வகுத்தோர் இதற்குக் கண்ட பரிகாரமாவது: விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல அடுக்குகளில் செயற்படும், ஓர் அடுக்கில் செயற்படத் தொடங்கிய விளைவு, அதற்கு மூலமான ஆற்றல் இடையில் அழிந்தாலும், எஞ்சிய அடுக்குகளிலும் தொடரும், வலிமையைப் பற்றி இரண்டும் முரண்படுமிடத்துக் களத்திற்குப் பிந்தி வந்ததே வெல்லும். எனவே ஹ்யூமிலிட்டி பிந்தி வந்திருப்பின் அதன் வலிமை 1, ஓபலசென்ஸ் பிந்தியிருப்பின் 4. சமபலமுள்ள இரு விதிகள் மோதினால் பிந்தியதே கொள்ளத்தக்கது என்று பாணினி முதல் அத்தியாயத்தின் நான்காம் பாதத்தில் விதித்ததாகப் பரம்பரையாகப் பொருள்கொண்டுவரும் சூத்திரத்திற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு நான் பேருவகை எய்தினேன்.

காலத்தைப் பற்றிய ஐயத்துக்கோ காஞ்சி வாசிகள் கடல்கடந்து போகவேண்டுவதில்லை. மாவலி மூன்றடி மண் தந்தபோது அடி என்பது எவ்வளவு? வாக்களித்த கணத்தில் குறள் வடிவினன் பாதமா, அளந்த கணத்தில் ஓங்கி நின்றவன் பாதமா? மேஜிக் விதியின்படி, விளைவுக்கு வேண்டிய அளவு அது நிறைவேறும் வேளையிலேயே நிச்சயிக்கப்படும். ஆதலால் திருமால் செய்தது முற்றிலும் விதிப்படி நடந்த ஆட்டமே. இத்தீர்ப்பின் பிரமாணத்தை உலகளந்த பெருமாள் கோயிலில் எவரும் அண்ணாந்து பார்க்கலாம். இதில் ஐயம் எழுப்பியவர் யாவர் எனில் சுக்கிராசாரியார். அவர் எந்தக் கட்சி என்பதை வாசகர் அறிவர். உரையாசிரியருள் தலைசிறந்த பரிமேலழகரை அக்கோயிலோடு இணைத்துப் பேசும் மரபும் காஞ்சியில் உண்டு. அளவில் சிக்கல் எழுந்த இடத்தருகே உரைகாரர் தோன்றுவது இயல்பே.

அச்சிறுவருள் ஒருவனுடைய தகப்பனார், பட்டுத்தறி நெய்பவர், இவ்வாதங்களைச் செவிமடுத்தபடியே கால்மிதியை மிதித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்குமேல் ஜக்கார்டு பெட்டியில் கோத்துத் தொங்கிய அட்டைகளில், துளையுள்ள இடத்தில் பாவு இழை எழுந்தது, இல்லாத இடத்தில் எழவில்லை. எந்த அட்டைக்கும் உரை வேண்டியிருக்கவில்லை. 1804-இல் லியான் நகரில் ஜக்கார்டு கண்ட இம்முறையே பிற்காலக் கணிப்பொறிகளுக்கு வழிகாட்டியது என்பர். ஆனால் 2019-இல் சர்ச்சில், பைடர்மன், ஹெரிக் என்னும் மூவர் வெளியிட்ட ஆய்வு, எந்தக் கணிப்பொறியும் செய்யும் காரியத்தை மேஜிக் சீட்டுகளைக் கொண்டே செய்யலாம் என்றும், ஆட்டக்காரர் இருவரும் இனித் தேர்வதற்கு ஒன்றுமில்லாத நிலையிலும் வெல்பவர் யார் என்பதை எந்தக் கணக்காலும் முன்கூட்டி அறுதியிட முடியாத ஆட்டங்கள் உண்டு என்றும் நிரூபித்துவிட்டது. ஓரிக்கையில் அத்தகைய ஆட்டங்கள், சோறுண்ண வருமாறு தாய்மார் விடுக்கும் அழைப்பினால் அறுதியிடப்பெறுகின்றன.

விதிநூலைத் திருத்தும் வழக்கமும் இப்பக்கத்துக்குப் புதிதன்று. பாலாற்றைக் கடந்து உத்திரமேரூர் சென்றால், குடவோலைத் தேர்தலுக்கு வயது 30 முதல் 60 வரை என்று 919-இல் பராந்தக சோழன் காலத்துச் சபையார் கல்லில் வெட்டியதையும், இரண்டே ஆண்டுகளில், 921-இல், அதனை 35 முதல் 70 வரை என்று மாற்றி வெட்டியதையும் காணலாம். நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும் என்பது பொதுவிதி. வேதமும் பாஷியமும் ஓதியவனுக்கு அரைக்கால் வேலி போதும் என்பது அபவாதம். முதல் தேர்தலில் இடம் கிட்டாத யாரோ அறுபத்திரண்டு வயதுப் பெரியவர் சபையில் எழுந்து ஐயம் கேட்டிருப்பார் என்பது என் சொந்த ஊகம்.

கடைசி வழக்கு, வைத்த சீட்டைத் திரும்ப எடுப்பது. “தெரியாம வச்சுட்டேன்டா, குட்றா” என்பவனுக்கும் “போங்கு ஆடாதடா” என்பவனுக்கும் இடையே நான் மத்தியஸ்தம் செய்ய அழைக்கப்பெற்றேன். உரிய பிரமாணம் இவ்வூருக்கே சொந்தமானது. கணிகண்ணனைப் பல்லவன் நாடு கடத்த, அவன் குருவாகிய திருமழிசையாழ்வாரும் புறப்பட்டு, திருவெஃகாப் பெருமானையும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு உடன்வரச் செய்ய, அனைவரும் ஓரிரவு தங்கியது இந்த ஓரிக்கையில். அரசன் ஆணையை மீட்டுக்கொண்டான், அவர்களும் திரும்பினர். ஆகவே நகர்த்தியதை மீட்கலாம் என்பது தெளிவு. ஆனால் சொன்னவண்ணம் செய்த அப்பெருமான், போய் மீண்டதற்கு அடையாளமாக, வழக்கத்துக்கு மாறாகக் கிடந்த கோலத்திலேயே இன்றும் சேவை சாதிக்கிறார். எனவே சீட்டை எடுக்கலாம், அடையாளமாக ஒரு சீட்டு அபராதம் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தேன்.

“சரி தாத்தா, கடைசில யாரு ஜெயிச்சது? ராஜாவா, ஆழ்வாரா?” என்றான் வாதி.

“டிரா” என்றான் பிரதிவாதி, நான் வாய் திறக்குமுன்.

“டிரான்னா ரெண்டு கார்டும் நடுவுல போவும். அடுத்த கை ஜெயிக்கிறவனுக்குத்தான் மொத்தமும்” என்று வாதி தொடங்க, அப்படியானால் அபராதச் சீட்டும் நடுவில் போகுமா என்று புதியதோர் ஐயம் எழுந்தது. கேட்டவன் கையில் எஞ்சியிருந்தவை இரண்டே சீட்டுகள்.