விரலில் 98, பாதத்தில் எவ்வளவு?

கே: எனக்குச் சர்க்கரை உண்டு. விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினால் ஜம்மென்று 98 காட்டுகிறது. காலில் புண் மட்டும் ஏன் ஆறமாட்டேன் என்கிறது?

ப: உங்கள் ரத்தம் நுரையீரலில் ஆக்ஸிஜனை நிறைய ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது, 98-க்கு அவ்வளவுதான் பொருள். ரேஷன் கடைக்கு லாரி வந்துவிட்டது, உங்கள் வீட்டுப் பானைக்கு அரிசி வந்ததா என்பது வேறு கணக்கு. பாதத்து ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால் புண்ணைச் சுற்றிய சதை பட்டினி கிடக்கும். விரலுக்கு அது தெரியாது.

கே: புண்ணையே கேட்க வழியில்லையா?

ப: உண்டு, பெயின்ட் அடித்துக் கேட்கலாம்! அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கானர் எவன்ஸ் குழு 2014-இல் இப்படியொரு திரவ பேண்டேஜை அறிவித்தது. தோலில் பூசினால் காய்ந்து மெல்லிய படலமாகும். அதில் ஒரு பொருள், ஒளி பாய்ச்சியதும் சிவப்பாக ஒளிரும். ஆக்ஸிஜன் வந்து மோதினால் மங்கிவிடும். இன்னொன்று ஆக்ஸிஜனைச் சட்டைசெய்யாமல் பச்சையாகவே ஒளிரும். கேமரா இரண்டையும் ஒப்பிட்டுப் படம் போடுகிறது: ஆக்ஸிஜன் உள்ள இடம் பச்சை, தவிக்கும் இடம் சிவப்பு. ஒற்றை எண்ணைவிட இது எவ்வளவு மேல்! எந்த ஓரம் தேறுகிறது, எந்த ஓரம் தேறவில்லை என்று தெரிகிறதே.

வயிற்றுச் சதையை எடுத்து மார்பகம் சீரமைத்துக்கொண்ட பெண்களிடம் இதைச் சோதித்து 2020-இல் முடிவு வெளியிட்டார்கள். அந்தச் சதைக்குப் போகும் குழாய் அடைத்தால் சில மணி நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும். நிறம் பார்த்தும் விரலால் அழுத்திப் பார்த்தும் இரவெல்லாம் காவல் இருக்கும் நர்ஸ்களுக்கு இப்படியொரு படம் அவசியம் கிடைக்க வேண்டும்.

கே: தோல்தான் காற்றிலேயே இருக்கிறதே, அதற்கு என்ன பஞ்சம்?

ப: நல்ல கேள்வி! தோலின் மேல் 0.25 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை வெளிக்காற்றிலிருந்தே ஆக்ஸிஜன் எடுத்துக்கொள்ள முடியும் என்று 2002-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால்தான் அந்தப் பூச்சின்மேல் காற்றைத் தடுக்கும் இன்னொரு படலம். அது இல்லாவிட்டால் கேமரா அறைக்காற்றையும் சேர்த்து அளந்துவிடும்.

கே: என்னைப் போன்ற கருப்பு நிறத்தவரை ஒளி ஏமாற்றுமா?

ப: விரல் கருவி ஏமாற்றியிருக்கிறது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், ரத்தத்தை நேரடியாகச் சோதித்தால் 88-க்கும் கீழே இருந்தது கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6. அமெரிக்காவில் 2020-இல் வந்த கணக்கு இது. தோலுக்குக் கருநிறம் தரும் மெலனினும் ஒளியை விழுங்குகிறது. எல்லா நிறத் தோலிலும் சோதிக்காத ஒளிக்கருவியை நம் ஆஸ்பத்திரிகள் வாங்கவே கூடாது.

கே: இந்தப் பெயின்ட் வரும்வரை நான் என்ன செய்ய?

ப: காலில் ரத்த ஓட்டம் எப்படி என்று டாக்டரிடம் கேளுங்கள். கணுக்கால் ரத்த அழுத்தம் மட்டும் பார்த்து நார்மல் என்றால் விடாதீர்கள். சர்க்கரையால் குழாய்ச் சுவர் கெட்டியாகியிருந்தால் அந்த எண் பொய்யாக உயரும். கால் பெருவிரலிலும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.