மருமகன் குடிநீரியல்: தடிமன் தடுப்பு மருந்துகள் பற்றிய ஒரு கல்முனைக் கரையோர ஆய்வு

கார்த்திகை பிறந்து மாரி மழை பிடித்துவிட்டால், மருதமுனை தொட்டு அக்கரைப்பற்று வரைக்குமான ஊர்களில் அடுப்பில் ஒரு பானை கூடுதலாக ஏறும். சோறும் ஆணமும் இறங்கிய பிறகு, தணலின் மேல் அது தனியே கொதித்துக்கொண்டிருக்கும். உள்ளே கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் இருக்கும். வீட்டில் யாருக்கு வருத்தம் என்று கேட்டால், ஒருவருக்கும் இல்லை. "வரப்போகுது" என்பதுதான் பதில். வந்த நோய்க்கான மருந்து பற்றி உலகில் நூலகம் நூலகமாக எழுதிவைத்திருக்கிறார்கள். வராத நோய்க்கு ஒரு சமூகம் முழுவதும் குடித்துத் தீர்க்கும் மருந்து பற்றி முறையான ஆய்வு எதுவும் இவ்வாய்வாளர் கண்ணில் படவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பவே இந்த எளிய முயற்சி.

கருதுகோள் ஒன்றே ஒன்று. இப்பிரதேசத்தில் கலியாணம் முடித்த ஓர் ஆண் உட்கொள்ளும் தடுப்பு மருந்தின் அளவுக்கும் காற்றில் திரியும் வைரசின் அளவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவன் மனம் நோகவைக்க முடியாத பெண்களின் எண்ணிக்கையோடு அது நேர்விகிதத்தில் ஏறி இறங்குகிறது.

இதை விளங்கிக்கொள்ள ஆய்வுக்களத்தின் குடியமைப்பைக் கொஞ்சம் அறிய வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குரியது. வாப்பா கடன்பட்டாவது மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்து சேர்வார். மாமி அதே வளவில் இருப்பார், அல்லது வேலிக்கு அப்பால் இருப்பார். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்ரே, இத்தாய்வழிக் குடிமுறையையும் சீதன வீட்டையும் பற்றி 2008இல் பெரியதொரு நூலே வெளியிட்டார். மாரி காலத்தில் அவருக்கு யார் என்ன அவித்துக் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்குத் தெரியவேண்டியது.

ஆக, தும்முகிற மருமகன் எப்போதும் பிறர் ஆட்சி எல்லைக்குள் தும்முகிறான். முதல் தும்மலுக்கே மாமி கோப்பையோடு வந்து நிற்பார். "குடிங்க மருமகன், சூட்டோட குடிச்சாத்தான் நல்லம்." இரண்டு தெரு தள்ளியிருக்கும் உம்மாவின் காதுக்கு அச்செய்தி போய்ச்சேர அதிக நேரம் எடுக்காது. தம்பியின் கையில் சுடுதண்ணிப் போத்தல் ஒன்று வரும். பின்னாலேயே தொலைபேசி அழைப்பும் வரும். "அவங்க மரமஞ்சள் கூடப் போடுவாங்க மனே, ஒண்ட ஒடம்புக்கு அது சரிவராது. நான் தந்தத்தக் குடி." இரண்டில் ஒன்றைக் குடிக்காமல் விடுகிறவன் வைரசைவிடப் பெரிய ஒன்றைத் தொட்டுவிடுகிறான். ஆகவே இரண்டையும் குடிப்பான். கதவை மூடிக்கொண்டு வாழைமரத்தடியில் ஊற்றியவர்களும் இருப்பதாகக் கேள்வி. வாழைக்குத் தடிமன் பிடித்ததாகத் தகவல் இல்லை.

மூலப்பொருள்களை ஆராய்ந்தால் அவற்றில் பெரிய ஒற்றுமை தெரிகிறது. கொத்தமல்லி, வேர்க்கொம்பு, மரமஞ்சள், கண்டங்கத்தரி, பற்படாகம் ஆகிய ஐந்தும் சிங்கள வைத்தியத்தில் பஸ்பங்குவ என்ற பெயரில் பக்கெட்டாகவே கடைகளில் தொங்கும். கொழும்பிலும் கண்டியிலும் குடிப்பதும் அதுதான். மொழியாலும் மதத்தாலும் அரசியலாலும் பிரிந்து கிடக்கும் இந்நாட்டில் எல்லோரும் ஒரே மாதிரி முகம் சுளித்துக் குடிக்கும் பானம் இது ஒன்றுதான் என்றால் மிகையாகாது. கசப்பில் பெரும்பங்கு மரமஞ்சளினுடையது. அதிலுள்ள பெர்பெரின் என்ற பொருளே காரணம். எங்கள் ஊர்களில் இவற்றோடு ஆறாவதாகக் கருஞ்சீரகம் சேரும். மரணம் தவிர்ந்த அனைத்துக்கும் நிவாரணம் எனக் கருஞ்சீரகம் பற்றி ஹதீஸ் உண்டு என்பதால் அவ்விடயத்தில் இவ்வாய்வாளர் குடிப்பதற்கு மட்டுமே வாய் திறப்பார். அவிக்க நேரமில்லாத வீடுகளுக்கு, பதினான்கு மூலிகை கொண்ட சமஹன் பக்கெட்டைச் சுடுநீரில் கரைக்கும் வழி உண்டு. ஆனால் கரைத்துக் கொடுப்பதற்கு அவித்துக் கொடுக்கும் மதிப்பு இல்லை. "பக்கெட்ட ஒடச்சி ஊத்திட்டாளாம்" என்ற பேச்சில் தொனிக்கும் குற்றச்சாட்டு மருந்தைப் பற்றியதல்ல.

இரண்டாம் பெரும்பிரிவு பாமசி வழி வருவது. இங்கே மாமிக்கு அதிகாரம் இல்லை; அதனால் ஆண்கள் இதை விரும்புகிறார்கள். "காக்கா, தடிமன் வாறமாதிரி இரிக்கி" என்று சொன்னால் போதும். சிறிய காகித உறைக்குள் மஞ்சள், வெள்ளை, ரோஸ் நிறக் குளிசைகள் எண்ணிப் போடப்படும். எந்த நிறம் எதற்கு என்று கேட்பது அவநம்பிக்கையின் அடையாளம். வைரசுக்கு எதிராக ஒன்றும் செய்ய இயலாத அன்டிபயட்டிக்கும் சில உறைகளில் போய்ச்சேர்ந்துவிடுகிறது. வைத்தியரின் துண்டு இல்லாமல் அதை விற்கக்கூடாது என்ற சட்டம் இருப்பதை உறைக்கு யாரும் சொல்லவில்லை. பெனடோலின் நிலை தனி. காய்ச்சலைத் தணிப்பதற்கான அந்தக் குளிசை எங்களிடம் காப்புறுதிப் பத்திரமாக உயர்ந்துவிட்டது. மழையில் நனைந்தால் இரண்டு. கலியாண வீட்டில் இரவு விழிக்கப்போகிறோமென்றால் இரண்டு. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு நான்கு கிராம், அதாவது எட்டுக் குளிசை, அதற்குமேல் ஈரலுக்குக் கேடு. பல தடிமன் குளிசைகளிலும் அதே பரசிற்றமோல் ஒளிந்திருப்பதால் இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவர் கணக்கில் தவறிவிடுகிறார். இக்கட்டுரையில் சிரிக்காமல் வாசிக்கவேண்டிய வரி இது ஒன்றென்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று பிறகு வரும்.

மூன்றாவது, பெட்டி மருந்து. கட்டாரிலிருந்தும் சவுதியிலிருந்தும் விடுமுறையில் வருகிறவரின் பெட்டிக்குள் கோடரித் தைலம், தண்ணீரில் போட்டால் பொங்கும் வைட்டமின் வில்லை, அரபு எழுத்துள்ள நாகச்சத்துப் போத்தல் எல்லாம் இருக்கும். எழுத்து விளங்காதபோது மருந்தின் வீரியம் கூடுகிறது. மச்சான் கொண்டுவந்த போத்தலைத் திறக்காமலே காட்சி அலுமாரியில் வைத்திருக்கும் வீடுகளிலும் தடிமன் குறைவாகவே வந்ததாகச் சொல்லப்படுகிறது. அதே பெட்டி வழியில் தடிமனும் வருகிறது என்பது தனிக் கதை. ஹஜ்ஜுக்குப் போய்வருகிறவர்களில் மிகப்பலர் இருமலோடு திரும்புவது மருத்துவ உலகம் நன்கறிந்த விடயம். ஹாஜியாரைக் காண ஊரே போகும். ஸம்ஸம் தண்ணீரும் ஈத்தம்பழமும் தொப்பியும் பெற்றுக்கொண்டு திரும்பும். மூன்றாம் நாள் அடுப்பில் பானை ஏறும்.

வைட்டமின் சி பற்றி ஒரு சொல். 1954இல் வேதியியலுக்கும் 1962இல் சமாதானத்துக்கும் நோபல் பெற்ற லைனஸ் போலிங், 1970இல் ஒரு நூல் எழுதி, இதை நிறையச் சாப்பிட்டால் தடிமன் அண்டாது என்று உலகை நம்பவைத்தார். அன்று தொடங்கிய சப்பல் இன்னும் ஓயவில்லை. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்குகொண்ட பரிசோதனைகளைத் திரட்டி 2013இல் ஹெமிலாவும் சால்க்கரும் வெளியிட்ட கொக்ரேன் மீளாய்வு வேறு கதை சொன்னது. தினமும் இருநூறு மில்லிகிராமுக்குக் குறையாமல் எடுத்தும் சாதாரண மக்களுக்குத் தடிமன் வருவது குறையவில்லை. வந்த தடிமன் வளர்ந்தோருக்கு எட்டு வீதம் சுருங்கியது. ஏழு நாள் தடிமனில் அது பதின்மூன்று மணித்தியாலம். ஒரு இரவுத் தூக்கமும் காலைத் தேத்தண்ணியும். மரதன் ஓடுகிறவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுக்கும் படையினர் ஆகியோருக்கு மட்டும் தடிமன் வரும் வாய்ப்பே பாதியாகக் குறைந்தது. கல்முனைக் கடற்கரை வீதியில் பனிச்சறுக்குப் பழகும் எவரும் இதை உடனே ஆரம்பிக்கலாம்.

தடுப்பு மருந்து தோற்றால் யார் பொறுப்பு? சட்டம் படிக்கும் பிள்ளைகள் ஒப்பந்தச் சட்டத்தின் முதல் பாடங்களிலேயே கார்லில் அம்மையாரைச் சந்திப்பார்கள். லண்டனில் கார்போலிக் புகையுருண்டைக் கொம்பனி 1891இல் ஒரு விளம்பரம் போட்டது: எங்கள் உருண்டையை நாளுக்கு மூன்று தடவையாக இரண்டு வாரம் மூக்கில் உறிஞ்சிய பிறகும் இன்புளுவென்சா பிடித்தால் நூறு பவுண் தருவோம், நாணயத்துக்கு அடையாளமாக ஆயிரம் பவுண் வங்கியில் போட்டிருக்கிறோம். லூயிசா கார்லில் பத்து சிலிங்குக்கு ஒன்று வாங்கி உறிஞ்சினார். 1892 ஜனவரியில் காய்ச்சலில் விழுந்தார். அது வெறும் விளம்பரப் பேச்சு என்று கொம்பனி நழுவப் பார்த்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில், சொன்னால் சொன்னதுதான், கொடு என்றது. அம்மையார் 1942 வரை, தொண்ணூற்றாறு வயது வாழ்ந்தார். மரணத்துக்கு முதுமையை முதற்காரணமாக எழுதிய வைத்தியர், இன்புளுவென்சாவையும் சேர்த்து எழுதினார்.

எங்கள் மாமிமாரை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. வழக்கு எழ முடியாதபடி விலக்குக் கூற்றுகளை அவர்கள் முன்கூட்டியே வகுத்துவைத்திருக்கிறார்கள். குடித்த கையோடு முழுகியது, தலை துவட்டாமல் பள்ளிக்குப் போனது, பின்னேரம் இளநீர் குடித்தது, எல்லாவற்றுக்கும் மேலாக எருமைத்தயிர். அம்பாறை மாவட்டத்தில் பிறந்தவன் ஒரு கிழமை தயிர்ச்சட்டியைத் தொடாமல் இருப்பான் என்று எந்த நீதிபதியும் நம்பமாட்டார். ஆகவே மருந்து ஒருக்காலும் தோற்பதில்லை, குடித்தவன்தான் தோற்கிறான். ஆயிரம் பவுண் வைப்பிலிட்ட லண்டன் கொம்பனிக்கு இந்தத் தயிர் உத்தி தெரிந்திருந்தால் அது இன்றும் நடந்துகொண்டிருக்கும்.

நாட்டளவில் இதே பரிசோதனை 2020 டிசம்பரில் நடந்தது. கேகாலை ஹெட்டிமுல்லையில் தம்மிக்க பண்டார என்பவர் காளியம்மன் அருளியதாகச் சொல்லி, தேனும் சாதிக்காயும் சேர்ந்த பாணியொன்றைக் கொரோனாவுக்குத் தீர்வாக அறிவித்தார். கூட்டம் கூடத் தடையிருந்த காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அங்கே முண்டியடித்து வரிசையில் நின்றார்கள். தொற்று நீக்க வந்த வரிசையே தொற்றுக்கு வசதி செய்து கொடுத்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி பகிரங்கமாகப் பாணியைக் குடித்தார். அதற்கு முந்திய மாதம் மந்திரித்த முட்டியை ஆற்றில் விட்டவரும் அவரே. 2021 ஜனவரியில் அவருக்குத் தொற்று உறுதியானது. அவர் அன்று தயிர் சாப்பிட்டாரா என்பதை யாரும் விசாரிக்கவில்லை. 2020இல்தான் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு, கிலோ ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு ஏறி, மன்னார், புத்தளக் கரைகளில் கடத்தல் மஞ்சள் மூட்டைகளைக் கடற்படை பிடித்துக்கொண்டிருந்தது. வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தவர் அன்று ஊரில் வசதியுள்ளவர்.

எங்கள் ஊர்களிலோ அந்த மாதங்களில் பானைகள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் கொதித்தன. அக்கரைப்பற்று முடக்கப்பட்டது, பிறகு கல்முனைப் பக்கமும். அந்தக் கொதிப்பை எனது கருதுகோள் விளக்காது. வைத்தியசாலைக்குப் போனால் பீசீஆர், பொசிட்டிவ் என்றால் சிகிச்சை நிலையம், மௌத்தானால் எரிப்பு. 2020 ஏப்ரல் வர்த்தமானி முதல் 2021 பெப்ரவரி கடைசி வரை கொரோனாவில் இறந்தவரின் அடக்கத்துக்கு இந்த நாட்டில் இடமில்லாமல் இருந்தது. மார்ச் 5ஆம் திகதிதான் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் மண்ணுக்குள் போயின. அரசாங்கம் மன்னிப்புக் கேட்க 2024 ஜூலை ஆனது. காய்ச்சலை மறைத்துக்கொண்டு கதவடைத்து மரமஞ்சள் குடித்த கிழவர்கள் மூடநம்பிக்கையால் குடிக்கவில்லை. சிரிக்காமல் வாசிக்கவேண்டிய இரண்டாவது வரி இதுதான்.

ஆய்வின் பெருங்குறை, ஒப்பீட்டுக் குழு கிடைக்காதது. இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1946 முதல் 1990 வரை தடிமனுக்கென்றே ஓர் ஆய்வகம் நடந்தது. தொண்டர்களைப் பத்து நாள் இலவசமாகத் தங்கவைத்து, மூக்கில் வைரஸ் சொட்டு விட்டு, பிறரோடு நெருங்க விடாமல் வைத்துக் கவனித்தார்கள். ரைனோ வைரசில் மட்டும் 150க்கு மேற்பட்ட வகை உண்டென்பதால், ஒன்றுக்குத் தடுப்பு கண்டாலும் மற்றவை வரிசையில் நிற்கும். ஆயினும் அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது: வாசலைத் தாண்டி ஒரு சுடுதண்ணிப் போத்தலும் உள்ளே வரவில்லை. எங்களிடம் எதையும் குடிக்காத ஒரு மனிதரைத் தேடினேன். வெளியூரிலிருந்து வந்து வாடகை அறையில் தனியாக இருந்த ஆசிரியர் ஒருவர் பொருந்துவார்போலத் தெரிந்தது. விசாரித்தபோது வீட்டுக்காரப் பெண்மணி மாரி தொடங்கியதிலிருந்தே அவருக்குக் கொத்தமல்லித் தண்ணி அனுப்பிக்கொண்டிருப்பது வெளியானது. "சேர் தனியத்தானே இரிக்கார், பாவம்."

எனவே கருதுகோளைத் தூரத்தை வைத்துச் சோதிப்பதே வழி. பெண்கள் நெருங்க முடியாத இடத்தில் மருந்தளவு குறைய வேண்டும். கொழும்பு தோற்றுவிட்டது, கல்முனையிலிருந்து கிளம்பும் இரவு பஸ்ஸில் சாரதியின் காலடியில் போத்தல் போய்ச் சேர்கிறது. கட்டாரில் வேலைசெய்யும் மருமகன் ஒருவர்தான் எஞ்சினார். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவர் போகும்போதே பெட்டியில் வைக்கப்பட்டிருந்தன. இமோவில் அழைப்பு வந்தபோது அவர் ஒருதடவை தும்மிவிட்டார். மாமி கைப்பேசியை மகளிடமிருந்து வாங்கி, அடுப்பில் வைக்கச்சொல்லி, கொதிக்கும்வரை இணைப்பில் இருந்து, குடித்து முடித்ததும் கோப்பையைக் கமராவுக்குக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். காட்டினார். பிறகு உம்மாவின் அழைப்பு வந்தது.